ஜூடோவின் முதல் பத்தாம் டான்: யமாஷிதா யோஷித்சுகுவின் வாழ்க்கை

ஜூடோவில் பத்தாம் டான் என்னும் உச்சப் படிநிலையை முதன்முதலில் பெற்றவர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவராமே, அவர் யார், அதிபருக்கு ஆசானாக இருந்ததால்தான் அந்தப் பெருமை கிடைத்ததா என்பது கேள்வி. அவர் பெயர் யமாஷிதா யோஷித்சுகு. சில இடங்களில் யமாஷிதா யோஷியாகி என்றும் எழுதியிருப்பார்கள், இருவரும் ஒருவரே. ரூஸ்வெல்ட்டுக்கு அவர் கற்பித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சி மும்முரமாக நடந்தது 1904ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே. யமாஷிதாவோ 1884இல் ஜூடோ கற்கச் சேர்ந்து 1935இல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் அந்தக் கலையிலேயே வாழ்ந்தவர். பத்தாம் டான் அந்த 51 ஆண்டுகளுக்கானது என்றே நான் கருதுகிறேன். வெள்ளை மாளிகைக் கதை சுவையானது என்பதால் அது மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, அவருடைய மற்ற பணிகள் பின்னுக்குப் போய்விட்டன.

யமாஷிதா 1865 பிப்ரவரி 16 அன்று கனசாவா நகரில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். ஜப்பான் கடலோரம் உள்ள கனசாவா, மாயேதா குலத்தார் ஆண்ட காகா நாட்டின் தலைநகரம். ஜப்பானின் குறுநில அரசுகளில் மிகச் செழிப்பானது அது. ஆனால் அவர் பிறந்த காலம் சாமுராய்களுக்கு நல்ல காலமாக இல்லை. அவருக்கு மூன்று வயதாகும்போது ஷோகன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி கவிழ்ந்து மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தது. 1871இல் குறுநில அரசுகளே கலைக்கப்பட்டன. 1876இல் இடுப்பில் வாள் தரிக்கும் உரிமையும் பரம்பரை மானியமும் சாமுராய்களிடமிருந்து பறிபோயின. போர்க்கலையைப் பிழைப்பாகக் கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் காவல்துறையிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் புதுவாழ்வு தேட வேண்டியிருந்தது. வாளும் வில்லும் மதிப்பிழந்தபோது, வெறுங்கையால் எதிரியை மடக்கும் ஜுஜுட்சுவும் சேர்ந்தே மதிப்பிழந்தது. அப்படியிருந்தும் சிறுவன் யமாஷிதா, யோஷின் மரபு, தென்ஜின் ஷின்யோ மரபு ஆகிய இரண்டு பழைய ஜுஜுட்சு மரபுகளில் பயின்றார். பிற்காலத்தில் அவர் விரைவாக முன்னேறியதற்கு இந்த அடித்தளம் பெரிதும் துணைநின்றது.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியவர் கானோ ஜிகோரோ. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற இளைஞரான கானோ, அழிந்துகொண்டிருந்த ஜுஜுட்சு மரபுகளை முறைப்படி கற்று, அவற்றில் உயிராபத்தானவற்றை விலக்கி, எஞ்சியவற்றை ஜூடோ என்னும் ஒரு கல்விமுறையாக ஒழுங்குபடுத்தி, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் 12 தாடாமிப் பாய்கள் விரித்த அறையில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். முதலாண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஆட்கள் விழும் அதிர்ச்சியில் கோயிலின் தரைப்பலகைகள் உடைவதும், கானோ விளக்கேந்தித் தரைக்கடியில் புகுந்து அவற்றைத் தாமே சரிசெய்வதும் வாடிக்கையாக இருந்தன.

கானோ தம் மாணவர்களுக்குக் கொடுத்தது என்ன என்பதைச் சற்று விளக்கினால்தான் யமாஷிதாவின் திறமை புரியும். இரண்டு கால்களிலும் சமமாக நிற்கும் ஒருவரைத் தூக்கி எறிவதற்கு அவரைவிட அதிக வலு வேண்டும். ஆனால் அவர் தள்ளும்போது நாம் எதிர்த்துத் தள்ளாமல் பின்வாங்கி, அவருடைய சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் சற்றே இழுத்துவிட்டால், அவருடைய எடை கால்விரல் நுனிக்கு வந்துவிடும். அந்த ஒரு நொடியில் அவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் நிலைகொள்ள முடியாதவராகிவிடுகிறார். அந்த நொடியில் இடுப்பையோ காலையோ சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும். நிலைகுலைத்தல், பொருந்தி நிற்றல், வீழ்த்துதல் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தரும் இந்த முறை, ஒவ்வொரு பிடியையும் தனித்தனியே மனப்பாடம் செய்யவைத்த பழைய பள்ளிகளின் முறையிலிருந்து வெகுவாக விலகியது. அதோடு, எதிராளி ஒத்துழைக்காமல் உண்மையாகவே எதிர்த்து நிற்கும் ரன்டோரி என்னும் தடையற்ற பயிற்சியைக் கானோ அன்றாடப் பாடமாக்கினார். விழக் கற்ற பிறகே வீழ்த்தக் கற்பது என்ற ஒழுங்கு இருந்ததால் இந்தக் கடும் பயிற்சியைக் காயமின்றி நாள்தோறும் செய்ய முடிந்தது.

1884 ஆகஸ்டில் கோடோகானின் 19ஆவது மாணவராகச் சேர்ந்தபோது யமாஷிதாவுக்கு வயது 19. மூன்றே மாதத்தில் முதல் டான் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் நான்காம் டானை எட்டினார். 1898இல் ஆறாம் டான். சுமார் 162 செ.மீ. உயரமும் 68 கிலோ அளவிலான எடையும் கொண்ட உடல்வாகு அவருடையது. சைகோ ஷிரோ, டோமிதா த்சுனேஜிரோ, யோகோயாமா சகுஜிரோ ஆகியோருடன் அவரையும் சேர்த்துக் கோடோகானின் நான்கு காவல் தெய்வங்கள் என்று அழைத்தனர். புத்தக் கோயில்களில் நான்கு திசைகளையும் காத்து நிற்கும் தேவர்களின் பெயரை நான்கு இளைஞர்களுக்குக் கொடுத்ததிலிருந்தே, அப்பள்ளியின் மானம் இவர்களின் தோளில் இருந்தது என்பதை அறியலாம்.

அந்த மானம் சோதிக்கப்பட்டது டோக்கியோ பெருநகரக் காவல்துறை 1880களின் பிற்பாதியில் நடத்திய போட்டிகளில். காவலர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுந்த மரபு எது என்பது அப்போது வெறும் பெருமைப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஆசிரியர் பதவிகளும் ஒரு பள்ளியின் எதிர்காலமும் அதில் அடங்கியிருந்தன. கோடோகானுக்கு எதிரே நின்றது அன்றைய ஜப்பானில் மிகப் பலமான பள்ளியான தோத்சுகா யோஷின் மரபு. அதன் முன்னணி வீரர் தெருஷிமா தாரோவுடன் மோதியவர் யமாஷிதாதான் என்பதைக் கானோவே தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்ததைத் தவிர மற்றவை அனைத்திலும் தம் மாணவர்கள் வென்றது தமக்கே வியப்பாக இருந்ததாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். சிறுவயதில் தாம் பயின்ற யோஷின் பெயரைத் தாங்கிய பள்ளியையே எதிர்த்து யமாஷிதா நிற்க வேண்டியிருந்தது இதில் கவனிக்க வேண்டிய ஒன்று.

இந்த வெற்றிகளுக்குப் பிறகு ஜூடோவுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். யமாஷிதா அந்தத் தேவைக்கென்றே வார்க்கப்பட்டவராக இருந்தார். டோக்கியோ காவல்துறை, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகம், ஜப்பானியக் கடற்படைக் கல்லூரி எனப் பல இடங்களில் அவர் கற்பித்தார். காவலர், மாணவர், கடற்படை இளைஞர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் தேவை வெவ்வேறாக இருக்கும். பிடிபடாமல் திமிறுபவனைக் காயப்படுத்தாமல் அடக்குவது காவலருக்கு வேண்டும். உடலை வளர்ப்பதும் மனதை அடக்குவதும் மாணவருக்கு வேண்டும். இவர்கள் எல்லோரையும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மாறிமாறிப் பயிற்றுவித்த அனுபவத்தோடுதான் அவர் 38ஆவது வயதில் கப்பலேறினார்.

அமெரிக்காவுக்கு அவரை அழைத்தவர் சாமுவேல் ஹில். சியாட்டில் நகரைச் சேர்ந்த செல்வந்தர். கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஹில்லின் மருமகன். தம் மகன் வசதியில் வளர்ந்து மென்மையாகிவிடக் கூடாது, சாமுராய்களின் உயர்ந்த குணங்கள் அவனுக்கு வர வேண்டும் என்று விரும்பிய சாமுவேல் ஹில், நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடி, தமக்குத் தெரிந்த ஜப்பானியர்கள் மூலம் யமாஷிதாவைப் பற்றி அறிந்து அழைப்பு அனுப்பினார். 1903 அக்டோபரில் மனைவி ஃபுதேயுடனும் உதவியாளர் கவாகுச்சி சபுரோவுடனும் யமாஷிதா சியாட்டிலில் இறங்கினார். ஒரு சிறுவனுக்குக் கற்பிக்க வந்தவருடைய பயணம் அத்தோடு நிற்கவில்லை. சியாட்டிலில் ஒரு செயல்விளக்கம் நடத்திய பிறகு அவர்கள் நாட்டின் மறுகோடியான வாஷிங்டனுக்குச் சென்றார்கள்.

அங்கே ஜப்பானியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி தகேஷிதா இசாமு, யமாஷிதாவை வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சென்றார். ரஷ்ய-ஜப்பானியப் போர் 1904 பிப்ரவரியில்தான் மூண்டிருந்தது. சிறிய நாடான ஜப்பான் பெரும் பேரரசை எதிர்த்து நிற்கும் செய்தி அமெரிக்க நாளிதழ்களை நிறைத்த அந்த வாரங்களில், சிறிய உருவம் கொண்ட ஜப்பானியர் ஒருவர் பெரிய ஆட்களைத் தூக்கி எறிவதைப் பார்க்க வாஷிங்டனில் எத்தனை ஆவல் இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரூஸ்வெல்ட்டுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. நாகசாகியில் வாழ்ந்து திரும்பிய ஜான் ஓபிரையன் என்பவரிடம் 1902இலேயே ஜுஜுட்சுவில் சில பிடிகளை அவர் பழகியிருந்தார்.

வெள்ளை மாளிகையில் நடந்ததற்கு மிகச் சிறந்த சாட்சி ரூஸ்வெல்ட் தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள். 1904 மார்ச் 5 அன்று மகன் கெர்மிட்டுக்கு எழுதிய கடிதத்தில், வாரத்துக்கு மூன்று முறை இரண்டு ஜப்பானியர்களுடன் மல்லுக்கட்டுவதாகச் சொல்கிறார். எதிராளியின் தலைக்கு மேலாகச் சுழற்றி எறியப்பட்டு மெத்தையில் மோதுவதற்குரிய வயதும் உடலும் தமக்கு இல்லை என்றும், ஆனாலும் அவர்கள் அத்தனை திறமைசாலிகள் என்பதால் தமக்கு அடியே படவில்லை என்றும் எழுதுகிறார். தொண்டை மட்டும் சற்று வலிக்கிறதாம். காரணம், அவர்களில் ஒருவர் தம் கழுத்தை நெரிக்கும் பிடியைப் போட்டபோது, தாமும் அவருடைய குரல்வளையைப் பிடித்து, அவர் தம்மை மடக்கும் முன் தாம் அவரை மடக்கிவிடலாம் என்று முயன்றாராம், அவர் முந்திக்கொண்டாராம்.

இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது அடிபடவில்லை என்ற ஒரு சொல்லைத்தான். அப்போது ரூஸ்வெல்ட்டுக்கு 45 வயது; எடை 90 கிலோவுக்கும் மேல்; பதவியில் இருக்கும் அதிபர்; பொறுமையாகக் கற்பதை விட முட்டிமோதிப் பார்ப்பதே அவருடைய இயல்பு. அப்படிப்பட்டவரைத் தலைக்கு மேலாகத் தூக்கி எறிந்தும் காயமின்றி விழச் செய்வது, போட்டியில் ஒருவரை வீழ்த்துவதை விடக் கடினமான வேலை. எறியப்படுபவரின் சட்டைக் கையைக் கடைசி நொடிவரை விடாமல் பிடித்து, தலையோ தோளோ முதலில் தரையில் மோதாதபடி சற்றே மேலே இழுத்துக் கொடுக்க வேண்டும். அவர் பயந்து கையை ஊன்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்த ஆசிரியரின் அடையாளம் இந்தக் கடைசி நொடி இழுப்பில் இருக்கிறது.

அடுத்த மாதம் ஏப்ரல் 9 அன்று மூத்த மகனுக்கு எழுதிய கடிதத்தில் தொனி சற்று மாறியிருக்கிறது. வலது கணுக்காலும் இடது மணிக்கட்டும் ஒரு கட்டைவிரலும் இரண்டு கால்களின் பெருவிரல்களும் வீங்கியிருப்பதாகவும், உடலெங்கும் கன்றிப்போன தடங்கள் இருப்பதாகவும் பட்டியலிடுகிறார். நாள் முழுவதும் செனட்டர்களோடும் காங்கிரஸ் உறுப்பினர்களோடும் போராடிவிட்டு மாலை ஐந்து மணிக்குக் களைத்து வரும்போது, இந்த மல்யுத்தம் ஓய்வுக்கு ஏற்றதாக இல்லை என்றும், வேலை இவ்வளவு இருக்கையில் இதை மறுபடி தொடங்குவேனா என்பது சந்தேகமே என்றும் எழுதுகிறார். இருந்தும் புதிதாக மூன்று அருமையான எறிமுறைகளைக் கற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரே பெருமை. சில வாரங்கள் உழைத்துக் கற்று, காயங்களோடும் மகிழ்ச்சியோடும் ஒதுங்கிக்கொண்ட ஆர்வமுள்ள மாணவராகவே ரூஸ்வெல்ட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவரை ஜூடோ வீரராக உயர்த்திச் சொல்லும் பதிவுகளை நம்புவதற்கு இந்தக் கடிதங்கள் இடம் தரவில்லை.

பயிற்சியை நிறுத்தினாலும் அவருக்கு ஜூடோ மீதான நாட்டம் குறையவில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று, மல்யுத்த வீரர் ஜோ கிராண்டையும் யமாஷிதாவையும் வெள்ளை மாளிகையில் மோதவைத்துப் பார்த்தார். நடுத்தர எடைப் பிரிவில் அமெரிக்காவின் சிறந்த மல்லர் என்று ரூஸ்வெல்ட் குறிப்பிடும் கிராண்ட், அவருடன் குத்துச்சண்டை பழகியவரும்கூட. மறுநாள் கெர்மிட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஆட்டத்தை ரூஸ்வெல்ட் நுட்பமாக விவரிக்கிறார்.

மல்யுத்தத்தில் எதிராளியின் இரண்டு தோள்களையும் தரையில் படவைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எனவே கிராண்டுக்குத் தெரிந்ததெல்லாம் யமாஷிதாவை மல்லாக்கத் தள்ளுவதுதான். யமாஷிதாவோ மல்லாந்து கிடப்பதில் எந்தக் குறையும் காணவில்லை. ஜூடோவில் தரையில் கிடப்பவருக்கு இரண்டு கால்களும் இரண்டு கூடுதல் கைகளாகிவிடும். மேலே அமுக்குபவரின் இடுப்பைக் கால்களால் தடுத்து நிறுத்திக்கொண்டு, அவருடைய சட்டையின் கழுத்துப் பட்டியில் இரண்டு கைகளையும் குறுக்காகச் செலுத்தி இறுக்கினால், கழுத்தின் இரு பக்கமும் ரத்த ஓட்டம் தடைபட்டுச் சில நொடிகளில் மயக்கம் வரும். அவர் தப்பிக்கக் கையை நீட்டினால் அந்தக் கையையே பற்றி, முழங்கை மூட்டை எதிர்த்திசையில் வளைக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் யமாஷிதா கிராண்டின் கழுத்தை நெரித்துவிட்டதாகவும், அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் கையை முறித்துவிடக்கூடிய முழங்கைப் பிடியில் அவரை மாட்டிவிட்டதாகவும் ரூஸ்வெல்ட் எழுதுகிறார்.

ஆனால் கடிதம் அத்தோடு முடியவில்லை. நின்று மல்லுக்கட்டுவதிலும் தூக்கி வீழ்த்துவதிலும் கிராண்ட் ஏறக்குறைய சமமாக இருந்தார் என்றும், தம் பெருவலுவால் யமாஷிதாவைக் களைக்கச் செய்து வலிக்கச் செய்தார் என்றும், பெரிய உடல் கொண்ட அமெரிக்க வீரர்கள் இந்தக் கலையைக் கொஞ்சம் பழகிக்கொண்டால் சிறிய உடல் கொண்ட ஜப்பானியர்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்றும் அவர் கருத்துச் சொல்கிறார். இதில் அந்தக் காலத்து அமெரிக்கரின் தன்னம்பிக்கை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. ஆயினும் திறமை சமமானால் எடை வெல்லும் என்ற கணக்கு பொய்யல்ல. ஜூடோ 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது எடைப் பிரிவுகள் வைக்கப்பட்டன. அப்படியும் எடை வரம்பற்ற பிரிவில் நெதர்லாந்தைச் சேர்ந்த பெரிய உருவினரான ஆன்டன் கீசிங்க், ஜப்பான் மண்ணிலேயே தங்கம் வென்றார். அறுபது ஆண்டுகள் முன்பே ரூஸ்வெல்ட் அதைக் கண்டுகொண்டிருந்தார். 40 வயதில், தம்மை விட வலுவான மல்லரைச் சில நிமிடங்களில் இரண்டு முறை மடக்கிய யமாஷிதாவின் சாதனை இதனால் எள்ளளவும் குறைவதில்லை. கூடுகிறது என்றே சொல்வேன்.

அமெரிக்காவில் அவர் செய்த நீடித்த பணி வெள்ளை மாளிகையில் நடந்ததல்ல, அன்னாபொலிஸ் நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் நடந்தது. ரூஸ்வெல்ட்டின் முயற்சியால் 1905 தொடக்கத்தில் அங்கே ஆசிரியராக நியமிக்கப்பட்ட அவர், ஏறக்குறைய 25 மாணவர்களுக்குக் கற்பித்தார். முதல் ஒப்பந்தம் முடிந்ததும் கல்லூரி நிர்வாகம் அதைத் தொடர விரும்பவில்லை. அதிபர் மறுபடி தலையிட்ட பிறகே பணி 1906 வரை நீடித்தது. அவரிடம் பயின்றவர்களில் ராபர்ட் கோர்ம்லி என்ற மாணவரும் ஒருவர். பிற்காலத்தில் துணை அட்மிரலாக உயர்ந்த இவர்தான் 1942இல் தென் பசிபிக் பகுதியில் ஜப்பானுக்கு எதிரான அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கினார்.

இங்கே ஃபுதே யமாஷிதாவைப் பற்றிச் சொல்லாமல் போவது பெரிய அநீதி. அவரும் ஜூடோ அறிந்தவர். வாஷிங்டனில் தனியாக வகுப்பெடுத்தார். செனட்டர் ஸ்டீபன் எல்கின்ஸின் மனைவி ஹேலி எல்கின்ஸ், மார்த்தா வாட்ஸ்வொர்த் போன்ற மேல்தட்டுப் பெண்கள் அவரிடம் பயின்றார்கள். இடுப்பை இறுக்கும் உள்ளாடையும் தரை கூட்டும் பாவாடையும் பெண்களுக்கு எழுதாத சட்டமாக இருந்த 1904ஆம் ஆண்டில், அவர்களைப் பயிற்சி உடையில் பாயில் இறக்கி உருளவும் விழவும் பழக்கியிருக்கிறார். கோடோகானே பெண்களுக்கென்று தனிப் பிரிவை முறையாகத் தொடங்கியது 1926இல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேற்று நாட்டில், வேற்று மொழியில் ஒரு பெண் பெண்களுக்கு ஜூடோ கற்பித்தார் என்பது, ரூஸ்வெல்ட் கதையை விட அதிகமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

அதே காலத்தில் டோமிதாவும் இளைஞர் மாயேதா மித்சுயோவும் கிழக்கு அமெரிக்காவில் செயல்விளக்கங்கள் நடத்தினார்கள். 1905 பிப்ரவரியில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சி எதிர்பார்த்த பெயரைத் தரவில்லை. மாயேதா பின்னர் பல நாடுகளைச் சுற்றி பிரேசிலின் பெலெம் நகரில் குடியேறினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பத்திலிருந்துதான் இன்றைய பிரேசிலிய ஜுஜுட்சு வளர்ந்தது. யமாஷிதா அந்த வழியில் போகவில்லை. மேடையில் பணம் கட்டி மோதும் வாழ்க்கை அவரை இழுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஜப்பானுக்குத் திரும்பி, கோடோகானில் கற்பிக்கும் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் கடைசி முப்பது ஆண்டுகளில் செய்தித்தாளுக்கு உகந்த சம்பவங்கள் குறைவு. ஆனால் ஜூடோ ஜப்பானியப் பள்ளிகளுக்குள் பரவி, பல்லாயிரம் பேர் பயிலும் கலையாக மாறியது அந்தக் காலத்தில்தான். அதற்கு வேண்டிய அடுத்த தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கியவர்களில் அவர் முன்வரிசையில் இருந்தார்.

1935 அக்டோபர் 26 அன்று, 70ஆவது வயதில், யமாஷிதா காலமானார். மறைவுக்குப் பின் அவருக்குப் பத்தாம் டான் அளிக்கப்பட்டது. கோடோகான் வரலாற்றில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். நான்கு காவல் தெய்வங்களில் மற்ற மூவரின் முடிவை இதோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நால்வரில் மிகப் புகழ்பெற்ற சைகோ ஷிரோ இளமையிலேயே கோடோகானை விட்டுப் பிரிந்து, நாகசாகியில் செய்தித்தாள் பணியில் இறங்கி, 1922இல் மறைந்தார். மறைவுக்குப் பின் அவருக்குக் கிடைத்தது ஆறாம் டான். வலிமையில் யாருக்கும் சளைக்காத யோகோயாமா எட்டாம் டானோடு 1910களிலேயே இறந்துபோனார். கோடோகானின் முதல் மாணவர்களில் ஒருவரான டோமிதா 1937இல் மறையும்போது ஏழாம் டான். யமாஷிதா ஒருவரே இருபதாம் வயதை எட்டுமுன் பிடித்த பாதையை விடாமல், உடல் தளர்ந்த பின்னும் கற்பித்தலை நிறுத்தாமல் கடைசிவரை வந்தவர். பத்தாம் டானைக் கொடுக்கும் முடிவு கானோவினுடையது. அமெரிக்கப் புகழ் மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் டோமிதாவுக்கும் மாயேதாவுக்கும் அது எட்டியிருக்கும். 1938இல் தாம் மறையும்வரை கானோ அந்தப் படிநிலையை அளித்தது மூவருக்கே. முதலில் யமாஷிதா, பிறகு 1937இல் இசோகாய் ஹஜிமேயும் நாகாவோகா ஹிதேகாசுவும். அந்த இருவருமே ஆயுள் முழுவதும் ஜூடோ கற்பித்த ஆசிரியர்கள்.